சந்தா கட்டியாயிற்று

சிறைச்சாலை
12 பிப்ரவரி 2023

அன்புத் தம்பி கோகுலனுக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் காமினியும் சுகந்தானே? அதிராவுக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். முதல் பத்து நாள் தூக்கமே இல்லை, இப்போது வருகிறது. கால் வீக்கத்துக்கு மருந்து கொடுக்கிறார்கள்.

தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆகிறது. நீதிபதி பதினெட்டு மாதம் என்றாலும், ஒழுங்காக இருந்தால் பன்னிரண்டில் விட்டுவிடுவார்களாம். மீன்பிடிக்கப் போன கமாலுதீனின் சின்னச் சம்பான் படகுமீது என் படகு ஏறி அவர் செத்துப்போனார். அதற்குப் பன்னிரண்டு மாதம் அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவர்தான். அவர் படித்த பிறகுதான் கடிதம் வெளியே போகும், உள்ளே வரும். ஆகையால் யார் படித்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

உனக்கு ஒரு வேலை. படகுச் சங்கத்தின் ஆண்டுச் சந்தாவை மார்ச் கடைசிக்குள் கட்ட வேண்டும். முந்நூற்று அறுபது வெள்ளி. என் வங்கி அட்டை உன்னிடம்தான் இருக்கிறது. செயலாளர் சீனி முகம்மது பாய் கையில் கொடுத்து ரசீது வாங்கு. கட்டாமல் விட்டால் படகுத்துறையில் என் மூன்றாம் தூண் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்காக நான் ஆறு வருஷம் காத்திருந்தேன். வெளியே வந்து மறுபடியும் மீன்பிடிக்க ஆள் ஏற்றிப் போனால்தான் எனக்குச் சோறு. தூண் இல்லாத படகை நம் அடுக்குமாடி வாசலிலா கட்டுவது?

படகைப் பார்த்துக்கொள்ள, நீதிமன்ற நடையில் நீ நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறேன். அது போதும்.

குழந்தைக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
புவனேஸ்வரன்

பாகான் டாலாம்
20 மார்ச் 2023

மதிப்புள்ள அண்ணனுக்கு,

கோகுலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? அதிரா குப்புற விழுகிறாள். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்திருக்கிறது, தினமும் ஓவர்டைம்.

சந்தாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். கட்டுவதால் நமக்கு என்ன பயன் அண்ணே? பன்னிரண்டு வருஷமாகக் கட்டுகிறீர்கள். துறையில் பலகை இற்றுக் கிடக்கிறது. தண்ணீர்க் குழாய் உடைந்து எட்டு மாதம். வருஷத்துக்கு ஒரு விருந்து, தலைவருக்கு ஒரு மாலை. உங்கள் வழக்கின்போது அவர்களில் எத்தனை பேர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள்? சீனி முகம்மது பாய் ஒருவர். அவரும் கமாலுதீன் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் வெளியே வந்தாலும் உரிமம் திரும்பக் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. ஓட்ட முடியாத படகுக்குத் துறை எதற்கு? நான் சொல்வது தவறென்றால் மன்னியுங்கள். காமினியும் இதையேதான் சொல்கிறாள். கீழ்வீட்டுக்காரர்கள் இன்னும் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அதையும் நாங்கள்தான் தாங்குகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
கோகுலன்

சிறைச்சாலை
9 ஏப்ரல் 2023

அன்புத் தம்பி கோகுலனுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். குப்புற விழுந்த பெண் இந்நேரம் தவழ்ந்திருப்பாள்.

சந்தாவால் என்ன பயன் என்று கேட்டாய். பலகையையும் குழாயையும் விடு. துறை வாசலில் ஒரு நீல அட்டைப் புத்தகம் கட்டித் தொங்குகிறதே, அதுதான் பயன். கடலுக்குப் போகிற உறுப்பினர் அதில் பெயரும் போகிற இடமும் திரும்புகிற நேரமும் எழுத வேண்டும். நேரம் தாண்டி ஒரு மணி ஆனால் சங்கத்துப் படகு தேடிப் போகும். இரண்டு வருஷத்துக்கு முன் என் இஞ்சின் நின்று நான் தெற்கே அடித்துப் போனபோது என்னை இழுத்து வந்தவர்கள் அவர்கள்தான்.

கமாலுதீன் சங்கத்தில் இல்லை. பணம் தண்டம் என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. காலை ஆறரைக்குத் தண்ணீரில் விழுந்தவரைப் பிற்பகல் வரை யாரும் தேடவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னபோது நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? உறுப்பினராக இருந்திருந்தால் எட்டு மணிக்குப் படகு போயிருக்கும். அவர் மிதவையைப் பிடித்தபடி எட்டு மணி தாண்டியும் உயிரோடு இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

இதற்குமேல் என்ன பயன் வேண்டும்? மே மாதம் வரை தவணை தருவார்கள். கட்டிவிடு.

காமினிக்கு என் விசாரிப்பு.

அண்ணன்,
புவனேஸ்வரன்

பாகான் டாலாம்
11 மே 2023

மதிப்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறோம்.

சந்தா கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போய்க் கட்டினேன். மூன்றாம் தூண் எங்கும் போகாது, கவலை வேண்டாம்.

ஒரு விஷயம். சங்கத்துக்கு நீங்கள் நேராகக் கடிதம் எழுத வேண்டாம். சிறை முத்திரையோடு உறை வந்தால் அங்கே பத்துப் பேர் கையில் ஏறி இறங்கும். எதுவானாலும் எனக்கே எழுதுங்கள். உங்கள் அறையில் அதிராவின் தொட்டிலைப் போட்டிருக்கிறோம், காற்று நன்றாக வருகிறது.

நேரில் வரத்தான் நினைக்கிறேன். லீவு கிடைப்பதில்லை.

தம்பி,
கோகுலன்

சிறைச்சாலை
4 ஜூன் 2023

அன்புத் தம்பி கோகுலனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு பேர் பங்குச் சோற்றைச் சாப்பிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் வயிற்று வலியென்று தட்டைத் தள்ளிவிட்டார். சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ தயங்கினாயே என்று உன்னைப் பற்றிக் கொஞ்சம் தப்பாக நினைத்துவிட்டேன். மனத்தில் வைத்துக்கொள்ளாதே. ரசீதை ஒரு நகல் எடுத்து அனுப்பு, கண்ணால் பார்த்தால் போதும். வாரம் ஒருமுறை இஞ்சினை ஓடவிட்டு நல்ல தண்ணீரால் கழுவு. உப்பு உள்ளே நின்றால் அரித்துவிடும்.

அதிரா என் அறையிலேயே இருக்கட்டும். நான் வந்தால் கூடத்தில் படுத்துக்கொள்வேன்.

அண்ணன்,
புவனேஸ்வரன்

சிறைச்சாலை
20 ஆகஸ்ட் 2023

மதிப்பிற்குரிய சீனி முகம்மது பாய் அவர்களுக்கு,

புவனேஸ்வரன் வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்களுக்கு எழுதக் கூடாது என்று தம்பி சொல்லியிருந்தான். அவனுக்குப் போட்ட மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லாததால் எழுதுகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து தங்கராஜு என்று ஒருவர் போன வாரம் இங்கே கைதியாக வந்தார். துறைப் பக்கம் வெல்டிங் வேலை செய்தவர். மூன்றாம் தூணில் நீல வர்ணம் அடித்த படகு நிற்கிறது, சனி ஞாயிறு ஆறு ஏழு பேரை ஏற்றிப் போகிறது என்கிறார். என் படகு வெள்ளை. என் இடத்தில் வேறு யாரையாவது விட்டிருக்கிறீர்களா? மே மாதம் சந்தா கட்டியதாகத் தம்பி எழுதியிருக்கிறான். ரசீது எண் மட்டும் தெரிவித்தால் நன்றியுடன் இருப்பேன்.

இப்படிக்கு,
புவனேஸ்வரன்

பாகான் டாலாம்
17 செப்டம்பர் 2023

அன்புள்ள புவனேஸ்வரனுக்கு,

சீனி முகம்மது எழுதுவது. இறைவன் உங்களுக்கு நலத்தையும் பொறுமையையும் தரட்டும். எனக்குச் சர்க்கரை, வேறொன்றும் இல்லை. உங்களுக்கு எல்லாம் தெரிந்து சம்மதித்துத்தான் நடந்தது என்று நினைத்திருந்தேன். இதை நான் எழுத வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மே ஏழாம் தேதி ஆண்டுக் கூட்டம். அன்று காலையில் உங்கள் தம்பி என் மேசைக்கு வந்து சந்தா கட்டினார். கட்டியது அவர் பெயரில், புது உறுப்பினராக. படகு அவர் பெயருக்கு மாறிவிட்டதற்கான பத்திரத்தையும் வைத்தார். அதில் உங்கள் கையெழுத்து இருந்தது. காலையில் உறுப்பினரானார், மதியம் உங்களை நீக்கச் சொல்லி எழுந்து நின்றார்.

கடலில் உயிர்ச்சேதத்துக்காகத் தண்டனை பெற்றவரை ஓட்டெடுத்து நீக்கலாம் என்று ஒரு விதி உண்டு. உங்களுக்கு எதிராக அதை எடுக்க நான்கு மாதமாக ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவர் எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் எழுதினேன் என்று கோபிக்க வேண்டாம்: “எங்க அண்ணன் பேரு லிஸ்ட்ல இருந்தா சங்கத்துக்குத்தான் அசிங்கம் lah. கூடப் பொறந்த நானே சொல்றேன், உங்களுக்கு என்ன?”

இருபத்தொரு பேர் கை தூக்கினார்கள். தூக்காதவர் நான்கு பேர், நான் ஒருவன். மூன்றாம் தூண், படகின் உரிமையாளர் என்ற முறையில், அவருக்குப் போனது. நீங்கள் கேட்ட நீலப் படகு உங்களுடையதுதான், வர்ணத்தை மாற்றிவிட்டார். ஜூலையில் அவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராகவும் போட்டார்கள். வாசலில் தொங்கும் புத்தகம் இப்போது அவர் பொறுப்பில்.

வெளியே வந்ததும் என்னை வந்து பாருங்கள். சூலியா தெருவில் என் மச்சானின் சாப்பாட்டுக் கடையில் வேலையும் படுக்க இடமும் கிடைக்கும்.

அன்புடன்,
சீனி முகம்மது

சிறைச்சாலை
8 அக்டோபர் 2023

கோகுலனுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. படகு, கூட்டம், ஓட்டு எல்லாம் தெரியும். என் அட்டையில் எடுத்த பணத்தில்தான் உன் சந்தாவைக் கட்டினாய் என்பதும் வங்கித் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கிருந்து நான் எழுத முடியாதது ஒன்று இருக்கிறது. அது என்ன என்று உனக்குத் தெரியும். வெளியே வர மூன்று மாதம். அதற்குள் தூணையும் படகையும் என் பெயருக்கு மாற்றிவிடு. மாற்றினால் நடந்ததை மறந்துவிடுவேன்.

அதிராவுக்கு ஒரு வயது முடிந்திருக்கும். வாழ்த்து.

புவனேஸ்வரன்

சூலியா தெரு, ஜார்ஜ் டவுன்
21 ஜனவரி 2024

தம்பி கோகுலனுக்கு,

நான் வெளியே வந்து பத்து நாள். உடம்பு பரவாயில்லை. உன் எண் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்தேன். காமினி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, “அவர் இல்லை, நீங்க இங்க வராதீங்க” என்றாள். அவள் காலுக்குப் பின்னால் குழந்தை நின்றது. என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு பிளாஸ்டிக் பைகளில் என் துணியை வெளியே வைத்தாள். அதனால் இதையும் தபாலில்தான் எழுத வேண்டியிருக்கிறது. இனி எந்த அதிகாரியும் படிக்கப் போவதில்லை. உள்ளே வைத்து எழுத முடியாததை எழுதுகிறேன்.

அன்று காலை ஓட்டியது நீ. எதிர்த் துறையில் ஆறு பேர் காத்திருந்தார்கள், மழை பிடித்திருந்தது. எனக்குக் கால் வலி என்று ஸ்டியரிங்கை உன்னிடம் கொடுத்தேன். உனக்கு உரிமம் கிடையாது. மெதுவாகப் போ என்று இரண்டு தடவை சொன்னேன். பிறகு எதன்மீதோ மோதியது. படகின் மூக்கு தூக்கி இறங்கியது. அவருடைய சம்பானில் விளக்கு இல்லை, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ போன வேகத்தில் விளக்கு இருந்தும் பயனில்லை.

அதிரா பிறந்து நாற்பது நாள். நீ தரையில் உட்கார்ந்து அழுதாய். போலீஸ் வந்தபோது, “நான்தான் ஓட்டினேன், மரக்கட்டை என்று நினைத்தேன்” என்று நான் சொன்னேன். உன் பிள்ளைக்காகச் சொன்னேன். பன்னிரண்டு மாதம் உன் இடத்தில் படுத்தேன். நீ என் இடத்தில் படகைக் கட்டிக்கொண்டாய்.

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். தூண் திரும்பி வராவிட்டால் காவல் நிலையத்துக்குப் போவேன்.

புவனேஸ்வரன்

11 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பதிவு செய்வீர்கள். அதனால் எழுதுகிறேன். இதில் கையெழுத்துப் போடவில்லை. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

காவல் நிலையத்துக்குப் போங்கள். போகிறபோது முழுவதையும் சொல்லுங்கள். நீங்கள் எனக்கு எழுதியதில் பாதிதான் இருக்கிறது.

மோதியதும் நான் இஞ்சினைக் குறைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கினார். கூப்பிட்டது எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டது. நான் திருப்பப் போனேன். என் கைமேல் உங்கள் கையை வைத்து வேக விசையை முன்னால் தள்ளியது யார்? “நிக்காதடா, போ. யாரும் பாக்கல” என்று சொன்னது யார்? நான் அழுதது அதற்குத்தான். நீங்கள் அழவில்லை. எதிர்த் துறைக்குப் போய் ஆறு பேரை ஏற்றி, அவர்களுக்குத் தூண்டிலில் இரை கோத்துக் கொடுத்தீர்கள்.

எனக்காக உள்ளே போனதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சில மாதம் அதை நினைத்து நானும் தலை குனிந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது. என்னைக் கூண்டில் ஏற்றியிருந்தால் வக்கீல் முதல் கேள்வியாக ‘ஏன் நிற்கவில்லை’ என்று கேட்டிருப்பார். நான் சொல்லியிருப்பேன். கவனக்குறைவு என்று பன்னிரண்டு மாதம் வாங்கிக்கொண்டு, சாகவிட்டுப் போனதை நீங்கள் மறைத்துவிட்டீர்கள். உள்ளே போனது உங்களுக்காக.

தூணைக் கேட்கிறீர்கள். அந்த மனிதர் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, அவரைத் தேட ஒரு புத்தகமும் இல்லையே என்று எனக்குப் பாடம் எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைப் படித்த அன்றுதான் உங்களை நீக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சந்தாவுக்குப் பயன் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள்.

சூலியா தெரு
25 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி கோகுலனுக்கு,

நீயும் காமினியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். கடையில் பாத்திரம் கழுவுகிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

உன் கடிதத்தை நான்கு நாள் வைத்துப் படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை.

கமாலுதீனின் மகள் ஷாஹிரா இதே தெருவில் நாணய மாற்றுக் கடையில் வேலை செய்கிறாள். ஒரு மாதமாக எதிர்ப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாகத்தான் பேச வேண்டும். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை நின்றேன். அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

“மன்னிப்புக் கேக்க வந்திருந்தா வேணாம்” என்றாள்.

அதற்கு வரவில்லை என்று சொல்லி, நடந்ததை அந்த ஓட்டை வழியாகச் சொன்னேன். நீ ஓட்டியதைச் சொன்னேன். நான் தள்ளியதையும் சொன்னேன். நியாயம் என்று எனக்கு இப்போதுதான் தோன்றி வந்ததாகவும் நடிக்கவில்லை. நீ அந்தத் தூணில் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை, அதற்காக வந்தேன் என்றேன். உன் கடிதத்தை ஓட்டைக்கு அடியில் தள்ளினேன். அவள் அதை விரலால் தொடாமல், குனிந்து, இருந்த இடத்திலேயே படித்தாள்.

“யார் ஓட்டுனா எனக்கு என்ன” என்றாள். “ரெண்டு பேருக்கும் கேட்டிருக்குல்ல.”

கேட்டது என்றேன்.

வெள்ளிக்கிழமை அவளும் அவள் கணவரும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். வாக்குமூலத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. உன் கடிதத்தைக் கொடுத்தேன். கையெழுத்து இல்லையே என்றார்கள். சிறைக்கு நீ எழுதிய மற்ற இரண்டையும் எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தேன். எனக்கு இந்தத் தடவை தண்டனை கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார் அதிகாரி. சீனி முகம்மது பாய்க்கும் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டேன். பாவம், அவர் எனக்காகக் கை தூக்காமல் இருந்தவர். இனி என்ன செய்வாரோ தெரியவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது போலீஸ் வந்து போயிருக்கும்.

அன்று கடையை விட்டு நான் வெளியே வரப் போனபோது ஷாஹிரா கூப்பிட்டு நிறுத்தினாள். அவள் அழவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டாள்.

“அத்தா என்னன்னு கூப்பிட்டாரு?”

“தம்பின்னு.”

“எத்தன தடவ?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஐந்து. அதற்குப் பிறகு இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அவள் அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள்.

உன்னிடமும் கேட்பாள். குறைத்துச் சொல்லாதே.

காமினிக்கு என் விசாரிப்பு. அதிராவுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
புவனேஸ்வரன்